வெயில் வேண்டும், வெப்பம் வேண்டாம்: ஸ்காபரோ வீடொன்றில் சதைப்பற்றுச் செடிகள் கழித்த குளிர்காலம்

தடித்த இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகளை ரொறன்ரோவில் உறைபனி கொல்வது குறைவு. வானிலை அறிவிப்பைக் கேட்டவுடனேயே எல்லோரும் சாடிகளை உள்ளே தூக்கிவிடுவார்கள். அவை சாவது அதற்குப் பிறகு, 21 பாகை செல்சியஸில் இதமாக இருக்கும் ஹோலுக்குள். நவம்பரில் கழுத்து நீளும், டிசம்பரில் நிறம் வெளிறும், தை பிறக்கும்போது அடித்தண்டு கறுத்துச் சரியும். செடி வளர்க்கிறவர் தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கோடையில் மறுபடியும் வாங்குவார்.

எனக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அக்கா ஸ்காபரோவில் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவருடைய நேரத்தில் பெரும்பகுதி செடிகளோடுதான் போகிறது. கோடையில் அவர் வீட்டுப் பின்புற டெக் முழுக்கப் பூச்சாடிகள். எச்செவேரியா, ஜேட், ஏயோனியம், ஹவோர்த்தியா, கற்றாழை, கலஞ்சோ, கூழாங்கல்போல இருக்கும் லித்தொப்ஸ், அடி பருத்த இரண்டு அடினியம், ஒரு கிறிஸ்துமுள் என்று எல்லாம் கலந்து இருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் ஏறத்தாழ பாதி போய்விடும். போன செப்டம்பரில், இந்த முறை ஒன்றாக நின்று பார்ப்போம், என்ன நடக்கிறது என்று எழுதியும் வைப்போம் என்று முடிவுசெய்தோம். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியதுதான் இது.

வீடும் இரண்டு அறைகளும்

வீடு தெற்குப் பார்த்த பின்புறம் கொண்டது. ஹோலில் பெரிய யன்னல் ஒன்று தெற்கே இருக்கிறது. அதற்குக் கீழேதான் ஹீட்டர் காற்று வரும் துவாரம். முந்தைய ஆண்டுகளில் செடிகள் எல்லாம் இந்த யன்னலைச் சுற்றித்தான் இருந்தன: மேசையில், தரையில், தளபாட இடுக்குகளில். யன்னலுக்கு நேரே உள்ள நல்ல இடம் கறிவேப்பிலைக்கு. அதை யாரும் அசைக்க முடியாது. இங்குள்ள எத்தனையோ தமிழ் வீடுகளில் குளிர்காலத்தில் முதல் வெளிச்சம் கறிவேப்பிலைக்குத்தான்.

ஹோலுக்குப் பின்னால் சன்ரூம் ஒன்று உண்டு. மூன்று பக்கமும் இரட்டைக் கண்ணாடி. ஹீட்டர் குழாய் அங்கே போகவில்லை. சப்பாத்துகளும் அரிசி மூட்டைகளும் மடித்துவைத்த கதிரைகளும் அங்கே கிடந்தன. செடிகளை அங்கே வைக்கலாம் என்று நான் சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அதுக்குள்ள வைச்சா விறைச்சுச் செத்துப்போகும் தம்பி. மனிசரே நிக்கேலாத இடம்."

"விறைக்காமல் பார்க்கலாம் அக்கா. சின்ன ஹீட்டர் ஒண்டு போதும். இதுகளுக்கு நாங்கள் இருக்கிற சூடு தேவையில்லை."

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வெளிச்சக் கணக்கு

ரொறன்ரோ வட அகலாங்கு 43.7 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்துக்குத்தான் வரும். பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும், பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். ஊரில் செடி வளர்த்த அனுபவம் எவ்வளவு இருந்தாலும், வெளிச்சப் பஞ்சம் என்ற ஒன்றை அது கற்றுத்தந்திருக்காது. போதாததற்கு, பெரிய ஏரிகளில் இருந்து எழும் ஈரத்தால் தெற்கு ஒன்ராறியோவில் நவம்பரும் டிசம்பரும் பெரும்பாலும் மூடிய வானம்தான்.

கோடை வெயிலில் வெளியே ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். மங்கலான ஒரு டிசம்பர் மதியத்தில் ஹோல் யன்னலோரம் கைப்பேசியால் அளந்தபோது இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. இரண்டு மீட்டர் தள்ளிச் சோபாவுக்குப் பக்கத்தில் முந்நூறு. கைப்பேசி அளவு துல்லியமானது அல்ல, ஆனால் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தை அது சரியாகக் காட்டும். நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் சோபாப் பக்கமும் வெளிச்சமாகத்தான் தெரியும். செடிக்கு அது கிட்டத்தட்ட இருட்டு.

இனி வெப்பத்தைப் பாருங்கள். செடியும் சுவாசிக்கிறது. ஒளித்தொகுப்பில் சேர்த்த சீனியைச் சுவாசத்தில் எரிக்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் இந்த எரிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 21 பாகை ஹோலில் முந்நூறு லக்ஸில் இருக்கும் எச்செவேரியாவுக்கு வரவு மிகக் குறைவு, செலவு அதிகம். சூடு அதை வளரச் சொல்கிறது, வெளிச்சம் வளர விடுவதில்லை. வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது, இலைகள் இடைவெளி விட்டு மெலிந்து வருகின்றன. இதற்கு மேல் வாரம் ஒருமுறை தண்ணீரும் விட்டால், நீண்ட மென்மையான தண்டும் ஈர மண்ணும் சேர்ந்து அழுகலில் முடிகின்றன.

அதே செடியை 8 அல்லது 10 பாகையில் வையுங்கள். வெளிச்சம் அதேயளவுதான், ஆனால் செலவு பாதிக்கும் குறைவு. செடி வளராது, ஓய்வில் இருக்கும். அதன் வடிவம் கெடாது. மெக்சிக்கோ மலைப்பகுதிகளில் வளரும் எச்செவேரியாக்களுக்குக் குளிர்ந்த, வறண்ட குளிர்காலம் பழகிய ஒன்றுதான்.

இந்தக் குடும்பச் செடிகளுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. பகலில் இலைவாய்களை, அதாவது இலையிலுள்ள நுண்துளைகளை, மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்து அமிலமாகச் சேமித்து வைக்கும், பகலில் அதை ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்தும். தண்ணீரை இழக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இது பகல் சூடாகவும் இரவு குளிராகவும் இருக்கும்போது நன்றாக நடக்கும். இரவும் பகலும் ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஹோலில் அந்த ஏற்றத்தாழ்வே இல்லை. சன்ரூமில் அது தானாகக் கிடைக்கிறது. வெயில் அடித்தால், வெளியே உறைநிலைக்குக் கீழே இருந்தாலும், மதியம் 18 பாகைக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் கீழே இறங்கிவிடும்.

கனடாவில் கண்ணாடி அறை உள்ள வீடுகள் குறைவுதான், அது தெரியும். ஹீட்டர் மூடப்பட்ட ஒரு படுக்கையறை, தெற்கு யன்னல் உள்ள கராஜ், மூடிய முன்வாசல் போர்ச் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். பேஸ்மென்ட் குளிராக இருக்கும், ஆனால் அங்கே வெளிச்சம் கிடையாது. விளக்குப் போட்டால்தான் சரி.

செப்டம்பர்: யார் உள்ளே, யார் வெளியே

எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரத் தேவையில்லை. அக்காவிடம் செம்பர்விவமும் சில நிலம்படரும் சீடமும் இருந்தன. முந்தைய ஆண்டுகளில் அவற்றையும் பாவம் என்று ஹோலுக்குள் கொண்டுவந்து, அவையும் கழுத்து நீண்டு செத்தன. செம்பர்விவம் ஐரோப்பிய மலைகளில் பனிக்குக் கீழே கிடக்கும் செடி. அதற்குக் குளிர் வேண்டும். நீர் தேங்காத மண்ணில், டெக்குக்குக் கீழே மழை நேராக விழாத ஓரத்தில் நட்டுவிட்டோம். ஒன்ராறியோவின் தென்கோடியில் பாயின்ட் பீலிப் பகுதியில் சப்பாத்திக்கள்ளி இனம் ஒன்று இயற்கையாகவே வளர்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சதைப்பற்று என்றாலே குளிர் தாங்காது என்பது சரியல்ல.

உள்ளே வர வேண்டியவற்றுக்கு, இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் ஆயத்தம் ஆரம்பித்தோம். உறைபனி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இலைகளின் உள்ளே தண்ணீர் நிறைந்த பெரிய கலங்கள். அது உறைந்து பனிக்கட்டியாகும்போது கலங்கள் கிழிந்துபோகும். அடுத்த நாள் இலை கண்ணாடிபோல ஒளி ஊடுருவி, பிறகு கூழாகும். அதற்கு மருந்து கிடையாது. தாங்ஸ்கிவிங் விடுமுறைக்குள், அதாவது ஒக்டோபர் இரண்டாம் திங்களுக்குள், எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுவது ரொறன்ரோவுக்குப் பாதுகாப்பான கெடு.

முதல் வேலையாக மழை படாத இடத்துக்கு நகர்த்தினோம். காய்ந்த மண்ணோடு உள்ளே போகும் செடிக்கும், மழையில் ஊறிய மண்ணோடு போகும் செடிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஈரச் சாடி ஒன்று குளிர்ந்த அறையில் காய மூன்று நான்கு வாரம் எடுக்கலாம்.

அடுத்தது பூச்சி பார்த்தல். இதில் அவசரப்பட்டால் குளிர்காலம் முழுக்கத் துன்பம். வெளியில் இருக்கும்போது மாவுப்பூச்சியைப் பிடித்துத் தின்ன வேறு பூச்சிகள் இருக்கின்றன, வீட்டுக்குள் யாரும் இல்லை. ஒவ்வொரு சாடியையும் வெளிச்சத்தில் பிடித்து, இலைக் கக்கத்தையும், காய்ந்த அடி இலைகளுக்குக் கீழேயும் பார்த்தோம். காய்ந்த இலைகளை எல்லாம் நீக்கினோம். பூச்சிகள் ஒளியும் இடமும் அழுகல் தொடங்கும் இடமும் அதுதான். சந்தேகமானவற்றைச் சாடியிலிருந்து மெதுவாகக் கழற்றி வேரையும் பார்த்தோம். வேரில் வெள்ளைப் பஞ்சுபோல இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. ஜேட் ஒன்றில் அது இருந்தது. மண்ணை முழுக்கக் கழுவி, வேரை வெட்டி, உலரவிட்டு, புது மண்ணில் நட்டோம். மற்றவற்றுக்கு இலையுதிர்காலத்தில் மண் மாற்றவில்லை. ஓய்வுக்குப் போகிற செடியின் வேரைக் குழப்பக் கூடாது.

மேலே தெரிந்த மாவுப்பூச்சிகளை 70 வீத ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டோம். எச்செவேரியா இலைமேல் உள்ள வெள்ளைப் பூச்சு அல்கஹோல் பட்ட இடத்தில் போய்விடும், அந்த இலையில் அது திரும்ப வராது. அது அழகுக்கு மட்டும் உள்ளதல்ல. வெயிலிலிருந்து இலையைக் காப்பதும் அதுதான். அதனால் தெளிக்காமல், பூச்சியை மட்டும் குச்சியால் தொடுவது நல்லது.

இடம் பிரித்தல்

சன்ரூமில் சிறிய மின்ஹீட்டரை வைத்து 7 பாகைக்குக் கீழே போகும்போது மட்டும் ஓடும்படி அமைத்தோம். தரையில் ஒன்று, தட்டில் ஒன்று என இரண்டு வெப்பமானிகள். அன்றைய ஆகக் கூடிய, ஆகக் குறைந்த அளவுகளை நினைவில் வைத்திருக்கும் வகை. இது முக்கியம். காலையில் போய்ப் பார்க்கும்போது தெரிவது காலை வெப்பம், செடியைக் கொல்வது அதிகாலை மூன்று மணி வெப்பம்.

எச்செவேரியா, ஜேட், ஏயோனியம், ஹவோர்த்தியா, லித்தொப்ஸ் எல்லாம் சன்ரூமுக்குப் போயின. குளிர்காலச் சூரியன் தாழ்ந்து வருவதால் வெயில் அறைக்குள் ஆழமாக நுழையும். இரண்டு மீட்டர் உயரமான யன்னலின் மேல்விளிம்பைத் தாண்டும் டிசம்பர் நண்பகல் வெயில் தரையில் நாலரை மீட்டருக்கும் சற்று மேலே போகும். அதனால் பின்வரிசைத் தட்டுகளுக்கும் கிடைத்தது. ஹவோர்த்தியாவைப் பின்னால் வைத்தோம். அது தன் பிறப்பிடத்தில் புல்லுக்கும் கல்லுக்கும் இடையே நிழலில் வளர்வது, மங்கலைத் தாங்கும்.

அடினியமும் கிறிஸ்துமுள்ளும் வேறு. 10 பாகைக்குக் கீழே அவற்றை வைக்கக் கூடாது. அவற்றுக்கு ஒதுக்கிய இடம் ஹோல் யன்னலோரம். அடினியத்துக்கு இலை எல்லாம் உதிர்ந்துவிடும். அதைக் கண்டு பயந்து தண்ணீர் விடுவதுதான் அது அழுகுவதற்கான காரணம். இலை இல்லாத அடினியம் தண்ணீர் குடிக்காது. கறிவேப்பிலையும் ஹோலிலேயே நின்றது. அதையும் சன்ரூமில் வைத்திருந்தால் இலை முழுதும் கொட்டியிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பும் இருந்தது. அக்காவின் ஒரே தாய்ச் செடியிலிருந்து பிரித்த எச்செவேரியா எலிகன்ஸ் குட்டிகள் நிறைய இருந்தன. ஒரே அளவு, ஒரே மண், ஒரே மாதிரிச் சிறிய மண்சாடி. அவற்றை மூன்றாகப் பிரித்தோம். சில சன்ரூமில், சில ஹோல் யன்னலோரம் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், சில ஹோலின் மூலையில் எல்ஈடி விளக்குக்குக் கீழே. கராஜில் மாட்டுகிற வகை, நாலடி நீளம், 6500 கெல்வின் வெள்ளை ஒளி, 20 வாட் குழாய் இரண்டு. செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் எரியும்படி டைமர் போட்டோம். மாதம் ஏறத்தாழ 16 யூனிட் மின்சாரம், அவ்வளவுதான்.

தண்ணீர்

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் கணக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். இலை சொல்லும். எச்செவேரியாவின் அடி இலையைத் தொட்டு, மென்மையாகவும் லேசாகச் சுருங்கியும் இருந்தால், மண்ணும் அடிவரை காய்ந்திருந்தால், வெயில் உள்ள ஒரு காலையில் தண்ணீர் விடலாம். சன்ரூமில் அது டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தது, அதுவும் கொஞ்சம். விளக்கின் கீழே இருந்தவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்டன. சூட்டிலும் வெளிச்சத்திலும் இருப்பவை வளர்கின்றன, அதனால் குடிக்கின்றன.

ஏயோனியம் இந்தக் கணக்குக்குள் வராது. கனாரித் தீவுகளின் செடி. அங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடை வறட்சி. அதனால் அது கோடையில் இலையை மூடிக்கொண்டு தூங்கி, குளிரில் விழிக்கும். மற்றவை ஓய்வில் கிடந்தபோது சன்ரூமில் அது மட்டும் புது இலை விட்டு அகலமாக விரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுத்தோம். ஹோலில் வைத்துக் குளிர்காலத்தில் வறட்டி, கோடையில் ஊற்றியதால்தான் முந்தைய ஏயோனியங்கள் பாழாயின என்று அக்கா தானே கண்டுபிடித்தார். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

லித்தொப்ஸ் அதற்கு நேர்மாறு. குளிர்காலத்தில் ஒரு துளியும் கூடாது. புது இலைச்சோடி உள்ளே உருவாகி, பழைய சோடியில் உள்ள தண்ணீரை உறிஞ்சி வளரும். பழையது காகிதம்போலக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் தை மாதத்தில், சுருங்கிக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு அவற்றுக்கு நீர் வார்த்துவிட்டார். பழைய இலை மறுபடி ஊதியது. புதிய சோடி அதற்குள் நெருக்குண்டது. ஒன்று வெடித்து அழுகியது, மற்றவை இரண்டடுக்காகவே கோடைக்குப் போயின. தேவையில்லாத நேரத்தில் நீர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பசளை யாருக்கும் கிடையாது. இலைமேல் நீர் தூவுவதும் கிடையாது. ஹோலில் ஈரப்பதன் முப்பது வீதத்துக்குக் கீழே போனாலும் இந்தச் செடிகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. எச்செவேரியாவின் நடுக்குருத்தில் தேங்கும் நீர்தான் ஆபத்து. சன்ரூமில் சிறிய மின்விசிறி ஒன்றைப் பகலில் ஓடவிட்டோம்.

அந்தக் குளிர் இரவு

தை மாத நடுவில் வெளியே -20 பாகையைத் தாண்டிய இரவு ஒன்று வந்தது. அக்கா இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். தரை வெப்பமானி 4 பாகை காட்டியது. ஹீட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த சாடிகளை ஒரு முழம் உள்ளே நகர்த்தச் சொன்னேன். தரையில் இருந்தவற்றை மேசைமேல் ஏற்றி, கண்ணாடிப் பக்கம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டார். ஹோலுக்குப் போகும் கதவையும் இரவு முழுக்கச் சற்றுத் திறந்துவைத்தார். விடிகாலையில் தட்டு உயரத்தில் ஆகக் குறைந்த அளவு 5.

ஒரு செடியும் போகவில்லை. காய்ந்த மண்ணில் இருந்ததுதான் பெரிய பாதுகாப்பு. வறண்டு இருக்கும்போது இலைச்சாறு கெட்டியாக இருக்கும், ஊறிய இலையைவிட உறைய எளிதில் இடம் கொடுக்காது. கண்ணாடியோடு ஒட்டியிருந்த ஒரு ஜேட் கிளையின் நுனி இலைகள் மட்டும் கறுத்து உதிர்ந்தன. இரட்டைக் கண்ணாடியானாலும் அதன் உட்புறம் அறையைவிடப் பல பாகை குளிர்ந்திருக்கும்.

ஏப்ரலில் பார்த்தபோது

மூன்று இடங்களிலும் இருந்த எச்செவேரியா எலிகன்ஸ் குட்டிகளை ஏப்ரலில் மேசையில் வரிசையாக வைத்தோம். ஹோல் யன்னலோரம் இருந்தவை இரண்டு மடங்கு உயரம், இலைகள் கீழ்நோக்கி மடிந்து, பச்சை வெளிறி இருந்தன. நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. தலையை வெட்டி, வெட்டுவாய் சில நாள் காய்ந்த பிறகு மறுபடி வேர்விடச் செய்ய வேண்டியதுதான். விளக்கின் கீழே இருந்தவை இறுக்கமாக, பெரிதாக, நல்ல பச்சையாக இருந்தன. இரண்டு பக்கக் குட்டிகளும் விட்டிருந்தன. சன்ரூமில் இருந்தவை செப்டம்பரில் இருந்த அளவிலேயே நின்றன, ஆனால் இலை நுனியில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. வெயிலும் குளிரும் வறட்சியும் சேரும்போது இலையில் அந்தோசயனின் என்ற நிறமி கூடும், அதன் நிறம்தான் அது.

என் கருத்தில் விளக்கும் சன்ரூமும் இரண்டுமே சரியான வழிகள்தான். சூடான அறை என்றால் வெளிச்சத்தை உயர்த்த வேண்டும். வெளிச்சத்தை உயர்த்த முடியாது என்றால் சூட்டைக் குறைக்க வேண்டும். சூடான, மங்கலான அறைக்கு எந்தத் தண்ணீர் அட்டவணையும் உதவாது. எத்தனையோ பேர் மண்ணையும் சாடியையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள், அறையின் வெப்பத்தை மட்டும் தொடுவதில்லை.

அக்காவை மிகவும் மகிழ்வித்தது வேறொன்று. அவரிடம் பல ஆண்டுகளாக இருந்த பெரிய ஜேட் தை மாதக் கடைசியில் பூத்தது. கிளை நுனியெல்லாம் வெள்ளையும் மெல்லிய சிவப்பும் கலந்த நட்சத்திரப் பூக்கள். ஜேட் பூக்க நீண்ட இரவும் குளிர்ந்த இரவும் வறட்சியும் வேண்டும், செடிக்கு வயதும் வேண்டும். ஹோலில் இரவு பதினொரு மணி வரை மின்விளக்கு எரியும். அங்கே இரவு நீளாது. சன்ரூமில் பொழுது சாய்ந்தால் இருட்டுத்தான். அதே செடியின் கிளையிலிருந்து வளர்த்த இன்னொரு பெரிய ஜேட் ஹோலில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நன்றாக வளர்ந்திருந்தது, ஒரு மொட்டும் இல்லை. கலஞ்சோவும் நீண்ட இரவில் பூக்கும் செடிதான். பூக்க வேண்டும் என்று விரும்புகிறவற்றை 13 மணி நேர விளக்குக்குக் கீழே வைக்காதீர்கள்.

போனவை எவை? மேலே சொன்ன லித்தொப்ஸ் ஒன்று. கடையில் வாங்கிய பிறகு மண் மாற்றாமல் இருந்த எச்செவேரியாக்கள் இரண்டு. அவற்றைத் தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: வெளி மண் காய்ந்திருந்தாலும், நர்சரியில் நட்டபோது இருந்த பீட் (தண்ணீரைப் பிடித்துவைக்கும் மக்கிய பாசி) கட்டி வேர்களின் நடுவே ஈரமாகவே இருந்தது. கோடையில் வாங்கியவுடன் அந்தக் கட்டியை உதிர்த்து, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் பருமணலும் கலந்த மண்ணில் நட்டிருந்தால் தப்பியிருக்கும். அடுத்தது ஓர் அடினியம். சாடி பாரமானதால் டிசம்பர் தொடக்கம் வரை சன்ரூமிலேயே நின்றது. ஹோலுக்கு மாற்றியபோது அடிப்பகுதி ஒரு பக்கம் மென்மையாகியிருந்தது. வெட்டி, உலர்த்தி, இரண்டு மாதம் போராடினோம், பிழைக்கவில்லை. மாசி மாதத்தில் எச்செவேரியாக்களின் பூத்தண்டுகளில் மாவுப்பூச்சி மறுபடி வந்தது. இந்தப் பூச்சிக்கு மென்மையான பூத்தண்டு மிகவும் பிடிக்கும். தண்டுகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்ததோடு அது நின்றது. மற்றவை எல்லாம் வசந்தத்தைப் பார்த்தன.

வெளியே போகும் வழி

பங்குனியில் சன்ரூமின் நிலைமை வேகமாக மாறும். மார்ச் 20 அளவில் நண்பகல் சூரியன் 46 பாகைக்கு ஏறிவிடும், டிசம்பரைப்போல இரண்டு மடங்கு. மூடிய கண்ணாடி அறை ஒரு நல்ல வெயில் நாளில் 30 பாகையைத் தாண்டும். மதியத்தில் யன்னலைத் திறந்துவைக்கவும், முன்வரிசைக்கு மெல்லிய திரை போடவும் வேண்டியிருந்தது. ஹீட்டர் தேவையில்லாத இரவுகள் வந்ததும் தண்ணீரை மெதுவாகக் கூட்டினோம்.

வெளியே எடுக்க அவசரப்படக் கூடாது. ரொறன்ரோவில் விக்டோரியா நாள் விடுமுறையைத்தான், மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையை, தோட்டக்காரர்கள் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. உறைபனிக்குச் சமமான ஆபத்து வெயில். யன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரில் வீரியம் கூடிய பகுதியை ஏறத்தாழ முழுதும் தடுத்துவிடுவதால், ஆறு மாதம் உள்ளே இருந்த இலைகளுக்கு அதைத் தாங்கும் பாதுகாப்பு இல்லை. நேராக மே வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும், அவை மாறாது. முதலில் முழு நிழல், பிறகு காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, இரண்டு வாரத்தில் டெக்கின் திறந்த பகுதிக்குக் கொண்டுபோனோம். விளக்கின் கீழே வளர்ந்தவற்றுக்கு இன்னும் சில நாள் கூடக் கொடுத்தோம், அவற்றின் இலை மிக மென்மையானது.

வரும் செப்டம்பருக்கு மூன்று மாற்றங்களைக் குறித்துவைத்திருக்கிறோம். மிஞ்சிய அடினியம் ஒக்டோபர் முதல் வாரத்திலேயே, சக்கரப் பலகையில் ஏற்றி, நேராக ஹோலுக்குப் போகும். புதிதாக வாங்கும் எதுவும் பீட் கட்டியோடு குளிர்காலத்துக்குள் போகாது. லித்தொப்ஸ் தட்டில், "தண்ணி விடாதேங்கோ" என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை நிற்கும். அதை அக்கா இப்போதே எழுதி வைத்துவிட்டார்.